கை குலுக்குறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நேட்டோ (அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுங்களும் சேந்த ராணுவக் கூட்டணி) பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், இந்த வாரம் வந்த கேள்வில முக்கால்வாசி உச்சி மாநாடு பத்தியே இருக்கு. சரின்னு இந்த தடவை பக்கம் முழுசும் அதுக்கே ஒதுக்கிட்டேன். கிரிக்கெட், சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: தலைவருங்க காலைல ஃபிளைட்ல வந்து இறங்குறாங்க, மத்தியானம் குரூப் போட்டோ, சாயங்காலம் பக்கம் பக்கமா கூட்டறிக்கை. இவ்ளோத்தையும் அரை நாள்ல எப்படி சார் பேசி எழுதி முடிக்கிறாங்க?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: எழுதி முடிச்சதுக்கு அப்புறம்தாம்மா ஃபிளைட்டே ஏறுறாங்க. நீங்க டிவில பாக்குறது கடைசி சீன் மட்டும்தான். ஜி7 (பணக்கார நாடுங்க ஏழோட குழு) மாதிரி கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் தனக்கு ரொம்ப நம்பிக்கையான ஒரு ஆளை நியமிப்பாரு, அவருக்கு ஷெர்பான்னு பேரு. இந்த ஷெர்பாக்கள் மாநாட்டுக்கு பல மாசம் முன்னாடியே ஊர் ஊரா கூடி உக்காந்து டிராஃப்ட் அடிப்பாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்ட வரி அப்படியே நிக்கும், யாராவது ஒருத்தர் மல்லுக்கட்டுற வரிய சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டு வச்சிருவாங்க, அதுக்கப்புறம் இருக்குற வேலையெல்லாம் அந்த அடைப்புக்குறிகளை ஒண்ணொண்ணா எடுக்குறதுதான். மொத நாள் ராத்திரி வரைக்கும் மசியாம நிக்குற ரெண்டு மூணு மட்டும் தலைவருங்க மேஜைக்குப் போகும்.

இதுல வேடிக்கை என்னன்னா இந்த ஜி7 ஆரம்பிச்சதே அதிகாரிங்க கூட்டம் வேணாம்னுதான். 1975 நவம்பர்ல பிரான்ஸ் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தாங்கும் மேற்கு ஜெர்மனி சான்சலர் ஹெல்முட் ஷ்மிட்டும் (ரெண்டு பேருமே முன்னாள் நிதி அமைச்சருங்க) பாரிஸ் பக்கத்துல ரம்புயே கோட்டைல ஆறு நாட்டுத் தலைவருங்க மட்டும் உக்காந்து மனசு விட்டுப் பேசலாம்னு கூப்பிட்டாங்க, கனடா அடுத்த வருஷம்தான் சேந்துச்சு. ஆனா அந்த மனசு விட்டுப் பேசுற கூட்டத்துக்கே முன்கூட்டி ஆள் அனுப்பி என்ன பேசணும்னு பேசி வைக்க வேண்டியதாயிருச்சு, முடிவுல 15 அம்சத்துல ஒரு அறிக்கையும் வந்துச்சு.

நம்ம ஊர் உதாரணம் வேணும்னா 2023 டெல்லி ஜி20. 200 மணி நேரத்துக்கு மேல பேச்சுவார்த்தை, 15 டிராஃப்ட்னு இந்தியாவோட ஷெர்பாவா இருந்த அமிதாப் காந்த் சொன்னாரு, எல்லாம் உக்ரைன் பத்தின பகுதிய ஒப்பேத்துறதுக்கு. ஜி20ல இருக்குறவங்க எல்லாரும் கூட்டாளிங்க கிடையாது, அது வேற கதை, ஆனா வேலை இதே வேலைதான்.

கேள்வி: நேட்டோவுல 32 நாடு இருக்கு. ஓட்டெடுப்பே கிடையாதாமே, அப்புறம் எப்படித்தான் ஒரு முடிவுக்கு வர்றாங்க?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: ஆமா சார், கை தூக்குற வேலையே கிடையாது. எல்லாரும் ஒத்துக்கணும், ஒரே ஒரு நாடு மாட்டேன்னாலும் கதை முடிஞ்சுது, ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது ஆனா அதோட சம்மதமும் அமெரிக்காவோட சம்மதமும் ஒண்ணுதான். நேட்டோ தலைமையகம் இருக்குற பிரஸ்ஸல்ஸ்ல ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தூதர் நிரந்தரமா இருப்பாரு, அவங்க வாராவாரம் கூடுவாங்க, மாநாடு நெருங்க நெருங்க ராத்திரி பகல்னு பாக்காம உக்காருவாங்க.

அவங்ககிட்ட ஒரு அருமையான டெக்னிக் இருக்கு, மௌன முறைன்னு வச்சுக்கோங்க. டிராஃப்ட்ட எல்லாருக்கும் அனுப்பிட்டு இன்ன தேதி இன்ன மணிக்குள்ள யாரும் ஆட்சேபம் எழுதி அனுப்பலன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்னு கெடு வச்சிருவாங்க. கெடு முடியுற வரைக்கும் சத்தம் வரலன்னா அது முடிவு. யாராச்சும் லெட்டர் அனுப்பிட்டா மௌனத்த உடைச்சிட்டாங்கன்னு சொல்வாங்க, மறுபடி மொதல்லேருந்து உக்காரணும். இதுல ஒரு வசதி, பிடிக்காத முடிவுக்கு யாரும் வாயத் திறந்து ஆமான்னு சொல்ல வேண்டியதில்ல, சும்மா இருந்தா போதும், ஊர்ல கேட்டா நாங்க தடுக்கலன்னு சொல்லிக்கலாம்.

இது பெருசா வெடிச்சது 2003 பெப்ரவரி 10ம் தேதி. இராக் போர் வரப்போற நேரம், இராக்குக்கு பக்கத்துல இருக்குற துருக்கிக்கு பாதுகாப்புத் திட்டம் போட ஆரம்பிக்கலாம்னு ஒரு டிராஃப்ட் கெடுவோட சுத்துல இருந்துச்சு, பிரான்ஸும் பெல்ஜியமும் உடைச்சாங்க, ஜெர்மனி அவங்க பக்கம் நின்னுச்சு. திட்டம் போட்டாலே போருக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு அவங்க வாதம். துருக்கி அன்னிக்கே நேட்டோ ஒப்பந்தத்தோட 4வது ஷரத்த கையில எடுத்து எனக்கு ஆபத்து, வந்து உக்காந்து பேசுங்கன்னுச்சு. கடைசில 16ம் தேதி, பிரான்ஸ் உறுப்பினரா இல்லாத ஒரு பாதுகாப்புத் திட்டக் குழு இருந்துச்சு பாருங்க, அது வழியா சுத்தி வந்து முடிச்சாங்க. முன்வாசல் பூட்டியிருந்தா கொல்லைப்புறம்.

கேள்வி: கூட்டாளின்னா விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே? எதிரிகிட்ட பேசுறத விட இவங்களுக்குள்ள இழுபறி ஜாஸ்தியா இருக்கே, ஏன்?
– மளிகைக் கடைக்காரர், மதுரை

பதில்: அண்ணே, எதிரிகிட்ட பேரம் படியலன்னா துண்ட உதறி தோள்ல போட்டுட்டு எழுந்து வந்துரலாம். கூட்டாளிகிட்ட அது முடியாது, இந்த மாநாட்டுக்கு அப்புறமும் அவன் மூஞ்சிலதான் முழிக்கணும், அதுவும் போக மாநாட்டுத் தேதி குறிச்சாச்சு, உலகமே பாக்குது, ஒண்ணா நிக்கலன்னா எதிரி சிரிப்பான். இது யாருக்கு நல்லா தெரியுமோ அவங்க கைலதான் பிடி இருக்கும்.

துருக்கி அதிபர் எர்டோகன் இதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. உக்ரைன் மேல ரஷ்யா படையெடுத்ததும் 2022 மே மாசம் பின்லாந்தும் ஸ்வீடனும் நேட்டோவுல சேர மனு போட்டாங்க. எல்லாரும் சரின்னாங்க, துருக்கி மட்டும் எங்க நாட்டுக்கு எதிரான குர்து போராளிகளுக்கு இவங்க இடம் குடுக்குறாங்கன்னு நின்னுக்கிச்சு. மேட்ரிட் மாநாட்டுல எல்லாரும் கூடுறதுக்கு மொத நாள், ஜூன் 28, நாலு மணி நேரம் மூணு நாட்டுத் தலைவருங்களும் நேட்டோ பொதுச் செயலாளர் ஸ்டோல்டன்பெர்க்கும் உக்காந்து பேசி ஒரு உடன்படிக்கைல கையெழுத்து ஆச்சு. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சீங்களா? பின்லாந்து 2023 ஏப்ரல்ல உள்ள போயிருச்சு, ஸ்வீடன் வாசல்லயே நிக்குது. அடுத்த மாநாடு 2023 ஜூலைல, லிதுவேனியாவோட வில்னியஸ்ல. மறுபடியும் மொத நாள், ஊர விட்டு கெளம்புறப்போ எர்டோகன் மொதல்ல துருக்கிக்கு ஐரோப்பிய யூனியன் கதவத் திறங்க, அப்புறம் ஸ்வீடனுக்கு நாங்க வழி விடுறோம்னு புதுசா ஒண்ண எடுத்து விட்டாரு, ராத்திரிக்குள்ள ஸ்வீடன் மனுவ எங்க பார்லிமென்டுக்கு அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டாரு. மறுநாளே துருக்கிக்கு எஃப்-16 போர் விமானம் விக்கிற விஷயத்துல மேற்கொண்டு போறோம்னு அமெரிக்கா சொல்லுது. துருக்கி பார்லிமென்ட் ஓட்டுப் போட்டது 2024 ஜனவரி 23, மூணு நாள்ல 2,300 கோடி டாலர் எஃப்-16 விற்பனைக்கு அமெரிக்க அரசு பச்சைக்கொடி. யாரும் யாருக்கும் லஞ்சம் குடுக்கல, எல்லாம் தற்செயலா ஒரே வாரத்துல நடந்துச்சுன்னு நம்புறவங்க நம்பிக்கலாம்.

ஸ்பெயின் வேற ரகம். 2025 ஜூன் ஹேக் மாநாட்டுக்கு முன்னாடி எல்லாரும் நாட்டு மொத்த உற்பத்தில 5 சதவீதம் பாதுகாப்புக்கு ஒதுக்கணும்னு ட்ரம்ப் கேட்டாரு, கெடு கடைசில 2035ன்னு ஆச்சு. பல நாட்டுக்கு 2 சதவீதத்துக்கே மூச்சு வாங்குது. இப்ப பொதுச் செயலாளரா இருக்குற மார்க் ருட்டே என்ன பண்ணாருன்னா 5ஐ ரெண்டா உடைச்சாரு, 3.5 சுத்தமான ராணுவச் செலவு, மிச்சம் 1.5 பாலம், ரோடு, சைபர் பாதுகாப்புன்னு எதையெல்லாம் சேக்க முடியுமோ அது. எல்லாரும் தலையாட்டினப்போ ஸ்பெயின் பிரதமர் சான்செஸ் மாநாட்டுக்கு சில நாள் முன்னாடி லெட்டர் எழுதி எங்களால முடியாதுன்னுட்டாரு. உடனே டிராஃப்ட்ல நாங்க உறுதி ஏற்கிறோம்னு இருந்த இடத்துல கூட்டாளி நாடுகள் உறுதி ஏற்கின்றனன்னு மாத்தி, தனியா ஒரு லெட்டரும் குடுத்து, ஸ்பெயின் அந்த லெட்டர ஊர்ல காட்டி எங்களுக்கு 2.1 போதும்னு சொல்லிக்கிச்சு, ருட்டே மத்தவங்ககிட்ட 32 பேரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டாரு. வில்னியஸ் அறிக்கை 90 பத்தி, ஹேக் அறிக்கை வெறும் 5 பத்தி. நீளமா எழுதினா எவனாவது ஒரு வரியப் பிடிச்சு தொங்குவான், அதுக்கு இடமே குடுக்கக் கூடாதுன்னு முன்னாடியே வெட்டிட்டாங்க. எனக்கு இது கோழைத்தனமாப் படல, கெட்டிக்காரத்தனம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: யால்டா மாநாட்டுக்கு முன்னாடி மால்டாவுல சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் சந்திச்சதா படிச்சிருக்கேன். அதுல என்னதான் பேசினாங்க? பாடப் புத்தகத்துல ஒரு வரியோட விட்டுர்றாங்க.
– ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நேரா சொல்லணும்னா பெருசா ஒண்ணும் பேசிக்கல, அதுதான் அந்தக் கதையோட விசேஷமே. 1945 ஜனவரி, ஹிட்லர் விழப்போறது உறுதி, போலந்து யாருக்கு, ஜெர்மனிய எப்படிப் பிரிக்கிறதுன்னு ஸ்டாலினோட பேசணும். அதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசுற மாதிரி தயார் பண்ணிக்கலாம்னு சர்ச்சிலுக்கு ஆசை. வருஷப் பொறப்பு அன்னிக்கு தந்தி அடிக்கிறாரு, மால்டாவுலேருந்து யால்டாவுக்கு, யாரும் மாத்தாதீங்கன்னு எதுகை மோனையோட. ரூஸ்வெல்ட்டுக்கு அதுல இஷ்டமே இல்ல. நாம ரெண்டு பேரும் முன்கூட்டியே கூடிக் குசுகுசுன்னு பேசினா ஸ்டாலின் சந்தேகப்படுவாரு, மூணு பேரா போறோம், ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஆயிரக் கூடாதுன்னு அவர் கணக்கு. 1943ல ஸ்டாலினப் பாக்க தெஹ்ரானுக்குப் போறப்பவும் வழில கெய்ரோவுல கூடினாங்க, அங்கயும் சீனாவோட சியாங் கை ஷேக்கக் கூட வச்சுக்கிட்டு சர்ச்சில் கைல சிக்காம ரூஸ்வெல்ட் நழுவினாரு.

மால்டாவுல ரெண்டு நாட்டு தளபதிங்க ஜனவரி 30லேருந்தே கூடி உக்காந்து ரைன் நதிய எங்க தாண்டுறதுன்னு சண்டை போட்டாங்க, பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி பேர எடுத்ததும் அமெரிக்க தளபதி மார்ஷல் பொரிஞ்சு தள்ளிட்டாரு, குறிப்பு எடுக்குறவங்கள வெளிய அனுப்பிட்டு பேச வேண்டிய நிலைமை. வெளியுறவு அமைச்சருங்க, பிரிட்டனோட ஈடனும் அமெரிக்காவோட ஸ்டெட்டினியஸும், பெப்ரவரி 1ம் தேதி சிரியஸ்ங்குற பிரிட்டிஷ் போர்க் கப்பல்ல உக்காந்து ஒரு ரவுண்டு பேசினாங்க, அதுதான் உருப்படியான அரசியல் பேச்சு. மறுநாள் காலைல ரூஸ்வெல்ட் குவின்சிங்குற கப்பல்ல வலேட்டா துறைமுகத்துக்குள்ள வர்றாரு, பக்கத்துக் கப்பல் மேல்தளத்துலேருந்து சர்ச்சில் கை ஆட்டுறாரு, பேண்டு வாசிக்குது, பாக்க கண்கொள்ளாக் காட்சி. மத்தியானம் சேந்து சாப்பாடு, ராத்திரி சேந்து சாப்பாடு, விஷயத்துக்கு மட்டும் வரவே இல்ல. ஈடனுக்கு பொறுக்கல. இவ்ளோ பெரிய மாநாட்டுக்குப் போறோம், என்ன பேசப் போறோம் எப்படிப் பேசப் போறோம்னு இன்னும் ஒத்துக்கவே இல்ல, எதிர்ல இருக்குற கரடிக்கோ தனக்கு என்ன வேணும்னு நல்லா தெரியும்னு புலம்பித் தள்ளினாரு. அன்னிக்கு ராத்திரியே விமானம் விமானமா சுமார் 700 பேரு கிரிமியாவுக்குப் பறந்துட்டாங்க. 4ம் தேதி அங்க யால்டாவுல மாநாடு ஆரம்பம்.

போலந்து ஸ்டாலின் கைக்குப் போனது மால்டாவுல பேசாததாலதான்னு சொல்ல மாட்டேன், அங்க ஏற்கனவே ரஷ்யப் படை நின்னுக்கிட்டு இருந்துச்சு, எந்த டிராஃப்ட்டாலயும் அத நகத்தியிருக்க முடியாது. ஆனா ரூஸ்வெல்ட் பயந்த சந்தேகம் ஸ்டாலினுக்கு எப்படியும் இருந்துச்சு, அப்ப பேசாம இருந்து மிச்சப்படுத்தினது என்ன?

கேள்வி: கூட்டாளிங்க மாநாட்டுக்கு முன்னாடி சரியாப் பேசிக்காம போய் மாட்டிக்கிட்ட கதை ஏதாவது உண்டா?
– ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, அதுக்கு ஒரு ஆராய்ச்சியே நடந்துருக்கு. 1962 டிசம்பர், பஹாமாஸ்ல நசாவ். கென்னடியும் பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனும்.

பின்னணி இதுதான். பிரிட்டன் தன்னோட ப்ளூ ஸ்ட்ரீக் ஏவுகணைத் திட்டத்த 1960ல கைவிட்டுச்சு, பதிலுக்கு அமெரிக்கா தயாரிக்கிற ஸ்கைபோல்ட்ங்குற ஏவுகணைய வாங்கிக்குறதா பேச்சு, விமானத்துலேருந்து விடுறது, அத வச்சு பழைய வல்கன் குண்டு விமானங்களுக்கு ஆயுசு கூட்டிக்கலாம். அதுக்கு பதிலா அமெரிக்காவோட போலாரிஸ்ங்குற ஏவுகணைய சுமக்குற நீர்மூழ்கிக் கப்பல் நிறுத்த ஸ்காட்லாந்துல ஹோலி லாக்னு ஒரு இடம் குடுத்தாங்க. 1962 கடைசில அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா கணக்குப் போட்டுப் பாக்குறாரு, ஸ்கைபோல்ட் செலவு ஏறிட்டே போகுது, விட்ட சோதனையெல்லாம் ஃபெயிலு, நிறுத்திரலாம்னு முடிவு. நவம்பர்லயே பிரிட்டன் அமைச்சர் தோர்னிகிராஃப்ட்டுக்கு காதுல போட்டும் வச்சாச்சு.

இப்ப பாருங்க. அமெரிக்கா என்ன நெனச்சுதுன்னா, பிரிட்டன்தானே பாதிக்கப்பட்டவங்க, அவங்களே வந்து போலாரிஸ் குடுங்கன்னு கேப்பாங்க, அப்ப யோசிச்சுக்கலாம். பிரிட்டன் என்ன நெனச்சுதுன்னா, குடுக்குறேன்னு சொன்னத நிறுத்துறது அவங்க, மாத்து என்னன்னு அவங்கதானே சொல்லணும். ரெண்டு பேரும் ஒரு மாசம் வாயத் திறக்காம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்துட்டாங்க. டிசம்பர் 11 மெக்னமாரா லண்டன்ல இறங்குறாரு, ஏர்போர்ட்லயே நிருபர்கிட்ட அஞ்சு சோதனையும் தோல்வின்னு போட்டு உடைக்கிறாரு, அதக் கேட்டு லண்டன் பத்திரிகையெல்லாம் கொதிக்குது, அதுக்கப்புறம் நடந்த பேச்சுவார்த்தை எப்படி இருந்துருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு வாரத்துல உச்சி மாநாடு. கென்னடி நசாவுக்குப் போற விமானத்துலதான், கூட வந்த பிரிட்டிஷ் தூதர் ஆர்ம்ஸ்பி-கோரோட உக்காந்து, ஸ்கைபோல்ட் செலவ பாதி பாதி போட்டுக்கலாமேன்னு ஒரு யோசனைய அவசர அவசரமா தயார் பண்றாரு. மேக்மில்லன் அத ஏறெடுத்தும் பாக்கல. அழாக் குறையா பழைய நட்பு, உலகப் போர்னு உருக்கமாப் பேசி கடைசில போலாரிஸ வாங்கிட்டுத்தான் எழுந்தாரு, என் ஆட்சியே கவுந்துரும்ங்குறதுதான் அவர் கைல இருந்த ஒரே துருப்புச் சீட்டு.

அது அத்தோட நிக்கல. நசாவுக்கு சில நாள் முன்னாடிதான் மேக்மில்லன் பிரான்ஸ் போய் அதிபர் டிகாலப் பாத்துட்டு வந்திருந்தாரு, ஐரோப்பிய பொதுச் சந்தைல (ஐரோப்பிய யூனியனோட முன்னோடி) பிரிட்டன சேத்துக்கணும்னு கேட்டு. அங்கேருந்து திரும்பின சூட்டோட அமெரிக்காகிட்ட ஏவுகணை வாங்குறாரு. 1963 ஜனவரி 14, டிகால் நிருபர்களக் கூப்பிட்டு பிரிட்டனுக்கு இடமில்லன்னு கதவ அடைச்சுட்டாரு. அதுக்கு டிகாலுக்கு வேற காரணமும் நிறைய உண்டு, ஆனா கைல ஒரு நல்ல சாக்கக் குடுத்தது நசாவ். இப்படி ஒரு குழப்பம் நெருங்கின நண்பர்களுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கென்னடியே நொந்து போய் ரிச்சர்ட் நியூஸ்டாட்ங்குற பேராசிரியரக் கூப்பிட்டு தோண்டிப் பாக்கச் சொன்னாரு, அவர் 1963 நவம்பர்ல அறிக்கை குடுத்தாரு. இன்னொரு கூத்து, மாநாடு முடிஞ்ச மறுநாள் டிசம்பர் 22, ஸ்கைபோல்ட் சோதனை ஜம்முன்னு வெற்றி.

கேள்வி: வெளிநாட்டு மாநாட்டுல விட்டுக்கொடுத்துட்டு வர்ற தலைவர ஊர்ல சும்மா விடுவாங்களா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: சில பேருக்கு விட்டுக்கொடுக்குறதே ஆசைம்மா, சாக்கு மட்டும் வெளியேருந்து வேணும். 1978 ஜூலை, மேற்கு ஜெர்மனில பான் நகரத்துல நடந்த மாநாடு. ஜெர்மனி செலவு பண்ணி பொருளாதாரத்த முடுக்கி விடணும்னு அமெரிக்கா கேக்குது, அமெரிக்கா பெட்ரோல் விலைய செயற்கையா கம்மியா வச்சிருக்கிறத விடணும்னு ஜெர்மனி கேக்குது. அதிகாரிங்க பல மாசம் பேசி ரெண்டையும் முடிச்சுப் போட்டாங்க, ஜெர்மனி தேசிய உற்பத்தில 1 சதவீதம் வரைக்கும் கூடுதலா செலவு பண்ணும், அமெரிக்கா 1980 முடியுறதுக்குள்ள எண்ணெய் விலைய உலக விலைக்கு ஏத்தும். ஷ்மிட் வேண்டா வெறுப்பா ஒத்துக்கிட்ட மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டாரு, ஆனா அவர் கட்சிலயும் தொழிற்சங்கத்துலயும் அந்தச் செலவக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. அமெரிக்க அதிபர் கார்ட்டரோட ஆளுங்களுக்கும் விலைய ஏத்தணும்னுதான் எண்ணம், நாடாளுமன்றம் விடல. ரெண்டு பேருமே கூட்டாளி மேல பழியப் போட்டு சொந்த வேலைய முடிச்சுக்கிட்டாங்க. ராபர்ட் புட்னம்ங்குற அரசியல் பேராசிரியர் இத வச்சே 1988ல ஒரு பேர்போன கட்டுரை எழுதினாரு, ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் வெளிய ஒண்ணு வீட்டுக்குள்ள ஒண்ணுன்னு ரெண்டு மேஜைல ஒரே நேரத்துல நடக்குதுன்னு. 1979ல எண்ணெய் விலை எகிறினதும் அந்தச் செலவுதான் எங்கள கெடுத்துச்சுன்னு ஜெர்மன்காரங்க ரொம்ப நாள் முனகிக்கிட்டு இருந்தாங்க.

கேள்வி: உக்ரைன நேட்டோல சேப்போம்னு 2008லயே சொன்னாங்களாமே, அப்புறம் ஏன் இன்னிக்கு வரைக்கும் சேக்கல?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்

பதில்: தம்பி, இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி இதுதான். 2008 ஏப்ரல், ருமேனியாவுல புக்கரெஸ்ட். உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் உறுப்பினர் ஆகுறதுக்கான செயல்திட்டம் குடுக்கணும்னு அமெரிக்க அதிபர் புஷ் ஒத்தக்கால்ல நிக்குறாரு. ஜெர்மனியோட மெர்க்கலும் பிரான்ஸோட சர்கோசியும் கூடவே கூடாதுங்குறாங்க, உக்ரைன்ல மக்கள் ஆதரவு பாதிக்கும் கம்மி, ஜார்ஜியாவுல எல்லைத் தகராறு ஓயல, ரஷ்யா சும்மா இருக்காது. இது பல மாசமா எல்லாருக்கும் தெரியும். வழக்கமா இப்படி ஒத்துவரலன்னா மாநாட்டுக்கு முன்னாடியே ஒரு பக்கம் பின்வாங்கும். இந்தத் தடவை யாரும் வாங்கல, புஷ் மாநாட்டுக்கு மொத நாள் கீவுக்கே போய் நின்னு ஆதரவு குடுத்துட்டு வர்றாரு, அப்புறம் எப்படி எறங்கி வர்றது? அடைப்புக்குறி அப்படியே தலைவருங்க மேஜைக்கு வந்துருச்சு.

ராத்திரி விருந்துல பேசியும் முடியல. மறுநாள் காலைல கூட்டம் நடக்க வேண்டிய ஹால்லயே ஒரு ஓரத்துல மெர்க்கலும் கிழக்கு ஐரோப்பியத் தலைவருங்களும் கூடி நின்னு கையோட டிராஃப்ட் எழுதுறாங்க, சாதாரணமா கீழ இருக்குற அதிகாரி பண்ற வேலை. வந்த முடிவு என்ன தெரியுமா, செயல்திட்டம் இப்ப கிடையாது, ஆனா இந்த ரெண்டு நாடும் நேட்டோவுல உறுப்பினர் ஆகும்னு ஒரு வரி. எப்ப ஆகும்? தேதி இல்ல. அதுவரைக்கும் யார் பாதுகாப்பு? அதுவும் இல்ல. புஷ் கேட்டத விட வார்த்தைல பெருசு, மெர்க்கல் பயந்தத விட கைல ஒண்ணுமே இல்ல. ரஷ்யாவுக்கு கோவம் மூட்டவும் ஆச்சு, உக்ரைனுக்கு கவசமும் ஆகல.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ஜார்ஜியாவுல போர். 2014 கிரிமியா, 2022 முழுப் படையெடுப்பு. இதுக்கெல்லாம் காரணம் அந்த ஒரு வரின்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அந்தக் கட்சி இல்ல, படையெடுக்கணும்னு முடிவு பண்ணது மாஸ்கோ, புக்கரெஸ்ட் இல்ல. ஆனா அரைகுறையா எழுதின ஒரு வாக்குறுதி 15 வருஷம் கழிச்சும் தலைவலியா நின்னுச்சு. 2023 வில்னியஸ்ல மறுபடி அதே சண்டை, டிராஃப்ட்ல கூட்டாளிகள் ஒத்துக்கிட்டு நிபந்தனைகள் பூர்த்தியானா அழைப்பு விடுப்போம்னு இருக்குன்னு கேள்விப்பட்டு உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி வர்ற வழிலயே இது அபத்தம்னு ட்வீட் போட்டுட்டாரு. இதே புக்கரெஸ்ட்ல இன்னொரு கூத்து, மாசிடோனியாவ சேக்க விடாம பேர மாத்துன்னு கிரீஸ் தடுத்துருச்சு. பத்து வருஷம் கழிச்சு பேர வடக்கு மாசிடோனியான்னு மாத்தி, 2020ல உள்ள வந்தாங்க. சின்னத் தகராறு, ஆனா அதுல என்ன பண்ணா என்ன கிடைக்கும்னு தெளிவா இருந்துச்சு, அதனால முடிஞ்சுது.

கேள்வி: கூட்டறிக்கையே இல்லாம மாநாடு நடத்தக் கூடாதா? மாமல்லபுரத்துல மோடியும் ஷி ஜின்பிங்கும் அப்படித்தானே பேசினாங்க?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: நடத்தலாம், 2019 மாமல்லபுரம் அப்படித்தான், கூட்டறிக்கைன்னு எதுவும் போடல. அவங்க கூட்டாளிங்க இல்ல, அதனால யாரும் எதிர்பாக்கல. கூட்டாளிங்க போடலன்னா பேச்சாயிரும். 2018ல கனடாவுல ஜி7, மெர்க்கல் மேஜைல கை ஊனி குனிஞ்சு நிக்க ட்ரம்ப் கை கட்டி உக்காந்துருப்பாரே ஒரு போட்டோ, அது கூட்டறிக்கை டிராஃப்ட்டுக்கு நடந்த மல்லுக்கட்டுதான். ஒருவழியா எல்லாரும் ஒத்துக்கிட்டு வெளியிட்டாச்சு. ட்ரம்ப் சிங்கப்பூருக்குக் கெளம்பி விமானத்துல போய்க்கிட்டே கனடா பிரதமர் ட்ரூடோவத் திட்டி, அறிக்கைய ஏத்துக்க வேணாம்னு என் ஆளுங்களுக்கு சொல்லிட்டேன்னு ட்வீட் போட்டாரு. ஷெர்பாக்கள் பல மாசம் உழைச்சது ரெண்டு ட்வீட்ல போச்சு. அடுத்த வருஷம் பிரான்ஸ்ல பியாரிட்ஸ் ஊர்ல கூடினப்போ மக்ரோன் உஷாராகி ஒரு பக்கத்தோட நிறுத்திக்கிட்டாரு.

கேள்வி: 2025ல அலாஸ்காவுல ட்ரம்பும் புதினும் சந்திச்சப்போ ஐரோப்பாவக் கூப்பிடவே இல்ல. அழைப்பே இல்லாதவங்க முன்கூட்டி என்ன பேச்சுவார்த்தை நடத்தி என்ன புண்ணியம்?
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

பதில்: அவங்க பாட்டுக்கு கைகட்டி நிக்கலண்ணே. ஆகஸ்ட் 8 அறிவிப்பு வந்துச்சு, 15 சந்திப்பு, நடுவுல ஒரே வாரம். 9ம் தேதியே இங்கிலாந்துல செவனிங்குற மாளிகைல அமெரிக்க துணை அதிபர் வான்ஸோட உக்ரைன், ஐரோப்பிய நாட்டு பாதுகாப்பு ஆலோசகருங்க உக்காந்துட்டாங்க. வான்ஸ் அங்க குடும்பத்தோட லீவுக்கு வந்துருந்தாரு, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டேவிட் லாமி அவரக் கூட்டிக்கிட்டு குளத்துல மீன் பிடிக்கப் போனாரு. அங்க தூண்டில் போட லைசென்ஸ் வேணும், லாமிகிட்ட இல்ல, அப்புறம் அவரே போய் சம்பந்தப்பட்ட துறைகிட்ட சொல்லிக்கிட்டாரு. லாமிக்கு மீனும் மாட்டலயாம்.

13ம் தேதி ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் ஜெலென்ஸ்கிய பெர்லினுக்கு வரவழைச்சு பக்கத்துல வச்சுக்கிட்டு ட்ரம்ப்போட வீடியோல பேசினாங்க, உக்ரைன் இல்லாம எல்லைய முடிவு பண்ணக் கூடாது, மொதல்ல போர் நிறுத்தம்னு. அலாஸ்காவுல ஒப்பந்தம் எதுவும் ஆகல. அதுக்கு ஐரோப்பா காரணம்னு சொல்ல மாட்டேன், புதின் எறங்கி வரல. ஆனா 18ம் தேதி ஜெலென்ஸ்கி வாஷிங்டன் போறப்போ ஏழு ஐரோப்பியத் தலைவருங்க கூடவே போனாங்க, மொதல்ல எல்லாரும் கூடிப் பேசிட்டு அப்புறம்தான் வெள்ளை மாளிகைக்குள்ள நுழைஞ்சாங்க. பெப்ரவரில இதே ஜெலென்ஸ்கி அங்க தனியாப் போய் நன்றி சொல்லலன்னு திட்டு வாங்கிட்டு வந்தவரு. இந்தத் தடவை கருப்பு ஜாக்கெட், வாய் திறந்தா நன்றி. ஒத்திகை பாத்து வச்ச மாதிரியே இருந்துச்சு, அதுல தப்பு ஒண்ணும் இல்லண்ணே.

கேள்வி: இந்த மாநாட்டுல எல்லாம் என்ன சாப்பாடு போடுவாங்க?
– பள்ளி மாணவர், நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி. அலாஸ்கா சாப்பாடு ஊருக்கே தெரியும், ஏன்னா அமெரிக்க அதிகாரி யாரோ அங்க ஒரு ஹோட்டல் பிரிண்டர்ல பேப்பர மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க, தங்கியிருந்தவங்க கைல கிடைச்சு பத்திரிகைக்குப் போயிருச்சு. புதின் பேர எப்படி உச்சரிக்கணும், அவருக்கு குடுக்க கழுகு சிலை, அதிகாரிங்க போன் நம்பர், மதிய விருந்து மெனு எல்லாம் அதுல இருந்துச்சு. சாலட், மாட்டிறைச்சி, ஹாலிபட் மீன், கடைசில கிரீம் ப்ரூலே. அந்த விருந்து நடக்கல, ரெண்டு பேரும் சாப்பிடாமயே கெளம்பிட்டாங்க.